சாவி யாரிடம்?

எங்கள் வார்டில் பகலும் இரவும் ஐந்து வேளையாகப் பிரிந்து கிடக்கும். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. மார்ஃபின் மாத்திரை கொடுக்கும் நேரங்கள் இவை. இரவு பத்துக்கு மட்டும் இரட்டைப் பங்கு. நடுச்சாமம் இரண்டு மணி வேளையையும் அது சேர்த்துத் தாங்கும், தூங்குகிறவரை எழுப்ப வேண்டியதில்லை. வாயால் விழுங்கும் சாதாரண மார்ஃபின் வேலைசெய்யத் தொடங்க 20, 30 நிமிடம் பிடிக்கும், நான்கு மணி நேரம்போல் நிற்கும். வலி வந்த பிறகு கொடுத்தால் அந்த அரைமணி நேரம் நோயாளி துடிக்க வேண்டியதுதான். அதனால் வலி வருமுன் கொடுத்துவிட வேண்டும். புதிதாக வார்டுக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் நான் சொல்வது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இரண்டாம் நாளிலிருந்து.

புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த முறையின் அடிப்படையும் இதுவே: வாய் வழியாக, கடிகாரம் பார்த்து, படிப்படியாக. படிக்கும்போது ஒரே வரி. அந்த ஒரு வரியை வார்டில் நடத்திக்காட்ட இரட்டைப் பூட்டுப் போட்ட ஒரு அலமாரி, ஒரு பதிவேடு, இரண்டு கையெழுத்து, ஒரு டாக்டரின் உத்தரவு, கிடங்கில் இருப்பு எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் பத்து மணி மாத்திரை பதினொன்றுக்குத்தான் போய்ச் சேரும்.

வடசென்னையிலேயே நர்ஸாக வேலை பார்த்து, பணிக்காலத்தின் பிற்பாதியைப் பாலியேட்டிவ், அதாவது ஆதரவு சிகிச்சை வார்டில் இன்சார்ஜ் சிஸ்டராகக் கழித்தவள் நான். செவிலியர் தலைமை பற்றிப் பயிற்சி வகுப்புகளில் நிறைய பேசுவார்கள். தொடர்புத் திறன், குழு உணர்வு, ஊக்கமளித்தல் என்று பலகை நிறைய எழுதுவார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் இந்த வார்டைப் பொறுத்தவரை என் கணக்கு வேறு. நோயாளி 'வலிக்குது' என்று வாயைத் திறப்பதற்கும் மருந்து அவர் தொண்டையில் இறங்குவதற்கும் நடுவே எத்தனை நிமிடம் ஓடுகிறது, அதற்கு யார் பொறுப்பேற்கிறாரோ அவரே அந்த வார்டின் தலைவர். அவர் பெயருக்கு முன்னால் எந்தப் பதவி இருந்தாலும் சரி.

பொறுப்புக்கு வந்த புதிதில் அந்த நிமிடங்கள் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்து பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் மனைவியோ மகனோ முதலில் எழுந்து வர யோசிப்பார்கள். 'இப்பத்தான் சிஸ்டர் உக்காந்தாங்க, எப்படிப் போய்க் கேக்கறது' என்ற தயக்கத்திலேயே பத்து நிமிடம் போய்விடும். பிறகு நர்ஸ் வேறொரு கட்டிலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். அவர் கை கழுவி வந்தால் சாவி அலமாரியருகே இருக்காது. இன்சார்ஜ் ஸ்டோருக்கோ கூட்டத்துக்கோ போயிருந்தால் சாவியும் கூடவே போயிருக்கும். சாவி வந்ததும் எண்ணிப் பார்க்க இரண்டாவது ஆள் வேண்டும். இவ்வளவும் முடிந்தபின் கேஸ் ஷீட்டைத் திறந்தால், எழுதிய அளவு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இடையில் வந்த வலிக்குத் தனி உத்தரவு இல்லை. நான்கு வார்டுகளைத் தனியாகப் பார்க்கும் இரவு டாக்டருக்குப் போன் போகும். அவர் எங்கேயோ நெஞ்சை அமுக்கி ஒரு உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இதில் கெட்டவர் என்று யாருமில்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். நோயாளி மட்டும் முக்கால் மணி நேரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

முதலில் சாவியை மாற்றினோம். அது வார்டை விட்டு வெளியே போகக் கூடாது. டியூட்டி மாறும்போது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது பேரோடும் நேரத்தோடும் பதிவேட்டில் ஏற வேண்டும். அடுத்தது இடைவலிக்கான உத்தரவு. ஒரு நாளைக்குக் கொடுக்கும் மொத்த மார்ஃபினில் ஆறில் ஒரு பங்கு அதற்கு வழக்கமான அளவு. காலை ரவுண்ட்ஸிலேயே அதை டாக்டர் எழுதி வைத்துவிட்டால் ராத்திரி யாரையும் எழுப்ப வேண்டாம். டாக்டர்களிடம் 'எழுதிக் கொடுங்க சார்' என்று மொட்டையாகக் கேட்டால் வேலைக்காகாது என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் முழுக்க ஒவ்வொரு வலிக்கும் நேரம் குறித்த தாளை ரவுண்ட்ஸில் கொண்டுபோய் நீட்டினேன். கேட்டது எப்போது, கொடுத்தது எப்போது, நடுவே எவ்வளவு. அந்தத் தாளைப் பார்த்த பெரிய டாக்டர் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்தார். மூன்றாவது மாற்றம் ஹேண்டோவர். மேசையருகே நின்று நோட்டைப் படித்து ஒப்படைக்காமல், கட்டில் கட்டிலாகப் போய், வலியை முதலில் சொல்லி, பிறகு மற்றவை. ரத்த அழுத்தத்தை நான்காவதாகச் சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது.

எங்களிடம் வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டியவர்கள், விசைப்படகில் பத்துப் பதினைந்து நாள் கடலில் தங்கி வருகிறவர்கள், ஏலத்தில் மீன்கூடை எடுத்துத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்ற பெண்கள், திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஆலைகளில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றைக்கும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு. 1782-இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. ஆஸ்பத்திரி என்றால் பசியோடும் நோயோடும் போய் நிற்கிற இடம், அங்கே கிடைத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டும், கேட்கக் கூடாது என்ற நினைப்பு இந்த மக்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த நினைப்புதான் எங்கள் வேலைக்கு முதல் தடை.

மூட்டை சுமந்த மனுஷனிடம் 'பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் உங்கள் வலி எத்தனை' என்று கேட்டால் அவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். நாங்கள் ரூபாய்க் கணக்கில் கேட்கப் பழகினோம். "முழு ரூபா வலின்னா தாங்கவே முடியாத வலி. இப்ப எத்தினி காசு வலிக்குது?" சட்டென்று பதில் வரும். "எம்பது காசு இருக்கும் சிஸ்டர்." மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால், "இருவது காசு. அது கெடக்கட்டும், பரவால்ல." அந்த 'கெடக்கட்டும்' என்பதை அப்படியே விட்டுவிடாதே என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். இருபது காசு வலியோடு ராத்திரி தூங்க முடியுமா என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். வலியைத் தாங்குவது ஆண்மை என்று இந்தக் கடற்கரை முழுக்க ஒரு நம்பிக்கை. பெண்களுக்கு வேறு காரணம். மீன் விற்றுமுடித்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, சோறாக்கி வைத்துவிட்டு வருவதற்குள் மார்பில் இருந்த கட்டி உடைந்து புண்ணாகியிருக்கும்.

புண்ணைப் பற்றி எழுதக் கூச்சப்படக் கூடாது. உடைந்த புற்றுப்புண்ணின் வாடைதான் பல நோயாளிகளுக்கு வலியைவிடக் கொடுமை. காசிமேட்டு அம்மா ஒருவர் வந்தார். வாழ்நாள் முழுக்க மீன் வாடையோடு வாழ்ந்தவர், தன் உடம்பின் வாடை தாங்காமல் கட்டிலைத் தள்ளித் தள்ளி ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தார். பேரன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான், உள்ளே வர மாட்டான். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினோம். தினமும் செய்தால் சில நாளில் வாடை அடங்கிவிடும். விலை மிகக் குறைந்த மாத்திரை. புழு வைத்திருந்தால் டர்பன்டைன் எண்ணெய் நனைத்த பஞ்சைக் காட்டி, வெளியே வர வர இடுக்கியால் எடுக்க வேண்டும். முதல் தடவை செய்யும் பெண்ணுக்குக் கை நடுங்கும். நான் பக்கத்தில் நின்று அந்த அம்மாவோடு மீன் விலை பேசிக்கொண்டிருப்பேன். வேலை செய்கிறவளின் முகத்தை நோயாளி பார்க்காமல் இருக்க அது ஒரு வழி. வஞ்சிரம் என்ன விலை போகிறது, தடைக்காலம் முடிந்து படகு எப்போது இறங்கும் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகும், கட்டு முடிந்திருக்கும். ஒரு வாரத்தில் பையன் கட்டிலில் ஏறி உட்கார்ந்தான்.

மார்ஃபின் என்றதும் குடும்பத்துக்கு வரும் முதல் பயம் போதை. "இன்னா சிஸ்டர், கஞ்சா மாதிரி இதுக்கு அடிமையாயிடுவாராமே?" மாவாவும் ஹான்ஸ் புகையிலையும் வாயில் அடக்கிப் பழகி, அதனாலேயே கன்னத்தில் புற்று வந்த பையனின் அண்ணன் இப்படிக் கேட்பான். நான் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வேன். வலிக்காக, அளவு பார்த்து, நேரத்துக்குக் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். நாங்கள் விடாமல் கவனிக்கிறது மலச்சிக்கலை. மார்ஃபின் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் கூடவே மலமிளக்கி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குவது நர்ஸின் கடமை. நான்கு நாள் வெளிக்குப் போகாமல் வயிறு கல்லாகிப்போன நோயாளி, 'இந்த மாத்திரையே வேணாம், வலியே மேல்' என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் இருந்த பயம் வேறு மாதிரி. அதற்குச் சட்டத்தில் காரணம் இருந்தது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரர்களுக்காக எழுதப்பட்டது. அதன் கெடுபிடியில் சிக்கியவர்கள் ஆஸ்பத்திரிகள். மார்ஃபின் வாங்கவும் வைக்கவும் கொண்டுபோகவும் தனித்தனி உரிமம், தனித்தனி அலுவலகம். ஒன்று வந்து சேர்வதற்குள் மற்றொன்று காலாவதியாகும். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. இத்தனைக்கும் அபின் நம் நாட்டில் சட்டப்படியே விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே ஆலை வைத்து அதைப் பக்குவப்படுத்தி உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிறது. நம் வயலில் விளைந்த மருந்து நம் நோயாளிக்குக் கிடைக்காத காலத்தில்தான் நான் நர்ஸானேன். அந்த நாட்களின் இரவு டியூட்டிகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொது வார்டின் கடைசிக் கட்டிலில், 'இனி செய்ய ஒன்றும் இல்லை' என்று எழுதி வைக்கப்பட்டவர் விடியவிடியக் கத்துவார். எங்களிடம் சாதாரண வலி மாத்திரையும் ஊசியும்தான் இருக்கும்.

மாறுதல் தெற்கிலிருந்து வந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் முறையைக் கேரளம் முழுக்கப் பரப்பியது. அவரும் அவரைப் போன்றவர்களும் இருபது ஆண்டு போராடியதன் பயனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும். பலரும் சொல்லாமல் விடுகிற ஒரு பெயரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலிருந்து வந்து, இந்தியாவின் பல ஊர்களில் புற்றுநோய் வலிக்கு மருந்து கொடுக்கக் கற்றுக்கொடுத்த கில்லி பர்ன் ஒரு நர்ஸ். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் மருத்துவமனையை நிறுவி இந்தத் துறையையே உருவாக்கிய சிசிலி சாண்டர்ஸும் முதலில் நர்ஸ்தான். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, சமூகப் பணியாளராகி, பிறகு படித்து டாக்டரானார். அதற்கு முன்னால் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் தன்னார்வலராக இருந்தபோது, அங்கே நோயாளி கேட்கும்வரை காத்திராமல் நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுத்துவந்த நர்ஸுகளைத்தான் அவர் கவனித்தார். எங்கள் வார்டின் ஆறு, பத்து, ரெண்டு கணக்கு அந்தப் பெண்களின் கையிலிருந்து வந்தது. என் பிள்ளைகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நம் தொழிலுக்கு ஒரு வம்சம் இருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் மணலி அருகே மாத்தூரில் டாக்டர் மஞ்சுளா கிருஷ்ணசாமி முயற்சியில் உருவான ஜீவோதயா இருக்கிறது. 1990களிலிருந்து இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகளைக் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். வீட்டில் பார்க்க ஆளில்லாதவர்களுக்கு அந்த இடத்தைச் சொன்னால் குடும்பத்தார் தலை குனிவார்கள். "கொண்டுபோய் உட்டுட்டாங்கன்னு ஊரு பேசும் சிஸ்டர்." விடுவது வேறு, சேர்ப்பது வேறு என்று பேசிப் புரியவைக்க ஒரு முழுச் சாயங்காலம் ஆகும். அந்தச் சாயங்காலத்தை எங்கள் டியூட்டிப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. நான் அதற்கென்றே ஒரு நர்ஸை மாலையில் கட்டில் வேலையிலிருந்து விடுவித்தேன். மேலே கேள்வி வந்தது. பேசுவதும் மருந்து கொடுப்பதைப் போன்ற வேலைதான் என்று எழுத்தில் பதில் கொடுத்தேன்.

பேச்சில் மிகக் கடினமானது உண்மையைச் சொல்வது. துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர் ஒருவர் நுரையீரல் புற்றோடு சேர்ந்தார். மனைவியும் மூத்த மகனும் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். "நெஞ்சுல சளி கட்டிக்கினுகீதுன்னு சொல்லி வச்சிருக்கோம். அவருக்குத் தெரியக் கூடாது சிஸ்டர், உடைஞ்சிடுவாரு." நான் மறுத்துப் பேசவில்லை. அவராக என்னைக் கேட்காதவரை நான் போய்ச் சொல்ல மாட்டேன், அவரே கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், இதுதான் என் வாக்கு என்றேன். மகனுக்கு அது பிடிக்கவில்லை. மனைவி மட்டும் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அவுரு கேக்க மாட்டாரு" என்றார்.

இரண்டு இரவு கழித்துக் கேட்டார். எல்லோரும் தூங்கிய நேரம், மூச்சு வாங்கியதால் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிய மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பிக்கொண்டிருந்தேன். முகத்தில் காற்று படும்போது மூச்சுத்திணறல் குறைவாகத் தெரியும்.

"சிஸ்டர், நான் ஊட்டுக்குப் போவேனா?"

"நீங்க இன்னா நினைக்கிறீங்க ஐயா?"

"போவ மாட்டேன். எனக்குத் தெரியும். அவ தாங்க மாட்டா, அதான் கேக்காம கீறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இதை இந்த வார்டில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். ஓய்வூதியக் காகிதத்தில் வாரிசு என்று இன்னும் அவருடைய அம்மாவின் பெயரே இருந்தது. அம்மா இறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மனைவி பெயரை ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஏன் இப்போது என்று மனைவி கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். இந்த ஒரு முடிச்சு அவரைத் தூங்கவிடவில்லை. நாங்கள் மருந்தை ஏற்றி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் டாக்டரிடம் சொல்லி, மனைவி, மகன், அவர், நாங்கள் இருவர் என ஐந்து பேரும் திரை போட்டு உட்கார்ந்தோம். டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அந்த அம்மா அழுதார், கணவர் கையை விடவில்லை. இரண்டு நாளில் மகன் படிவத்தோடு வந்தான். ஐயா உட்கார்ந்தபடி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அன்றிரவு அவருக்கு மார்ஃபினைக் கூட்டவேண்டியிருக்கவில்லை. அந்தப் பேச்சில் இன்னொன்றும் தீர்மானமானது. மூச்சு நிற்கும் நேரத்தில் குழாய் போட்டு ஐ.சி.யு.வுக்குத் தூக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். அப்படிச் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. முன்கூட்டியே எழுதிவைக்கும் நடைமுறையை 2023-இல் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் எழுதினால் போதும் என்றது. வார்டு நர்ஸுகளில் பலருக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. குடும்பம் முதலில் கேட்பது அவர்களிடம்தான்.

எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் கடைசியில் வீட்டில் இருக்கவே விரும்புகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க நர்ஸும் இயன்முறை சிகிச்சையாளரும் நியமிக்கப்பட்டார்கள். சக்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றே அதை வெளியில் அறிவார்கள். எனக்கு அதில் பெரிய விஷயம் இதுதான். எண்ணூர் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் குடிசைக்குள் குனிந்து போய்ப் பார்க்கிற நர்ஸுக்குப் பக்கத்தில் டாக்டர் இல்லை, அலமாரி இல்லை. வீட்டுக்காரம்மாவின் கையில் மருந்தைக் கொடுத்து, நேரம் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்து வர வேண்டும். படிக்காத அம்மாவுக்குச் சூரியன், நிலா படம் போட்ட அட்டை. எங்கள் வார்டிலிருந்து ஒருவரை அனுப்பும்போது அந்தப் பகுதி நர்ஸிடம் போனில் பேசாமல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரி நர்ஸ் தெரு நர்ஸிடம் கொடுக்கும் அந்த ஹேண்டோவரை எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆனால் அதில்தான் அடுத்த வாரத்து வலி அடங்கியிருக்கிறது.

எண்ணூரில் காற்றே தனியாக ஒரு பிரச்சினை. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, அந்த வேலை எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் மொட்டை மாடிகளில் கரி படிவது குறைந்ததைச் சொல்லிச் சந்தோஷப்படும் அதே மக்களின் சொந்தக்காரர்கள் எண்ணூரில் இருக்கிறார்கள். அங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்கிறது. மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவருக்கு 'ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் போர்வையில் சாம்பல் விழும். ஈரத் துணியை ஜன்னலில் கட்டி, உள்ளே விசிறி போட்டு என்று வீட்டுக்கு வீடு ஒரு வழி கண்டுபிடித்தோம்.

2023 டிசம்பர் இன்னும் மறக்கவில்லை. மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர் வீடுகளுக்குள் வந்த வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் வந்தது. சுவரெல்லாம் கறுப்பு. படுத்த படுக்கையாக இருந்தவரின் கட்டிலுக்குச் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். கட்டில் தப்பியது, கீழே டிரங்குப் பெட்டியில் இருந்த மாத்திரை தப்பவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னும் டாக்டரிடம் பேசி, தூரத்தில் இருப்பவர்களுக்கு வழக்கத்தைவிட அதிக நாளுக்கு மாத்திரை எழுதி வாங்குவோம். பால் கவரில் சுற்றி சாமி படத்துக்குப் பின்னால் வையுங்கள், வீட்டில் எல்லோரும் முதலில் எடுக்க ஓடுவது அதைத்தான் என்று சொல்லி அனுப்புவோம். அதே மாதம் கடைசியில் ஒரு நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஓட முடியாதவர்களை யார் தூக்குவது? எங்கள் நோயாளி ஒருவரைப் பக்கத்து வீட்டுப் பையன்கள் போர்வையோடு தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். அதற்கப்புறம் வீட்டு நோயாளிகளின் அட்டையில் ஒரு வரி கூட்டினோம்: அவசரத்தில் தூக்க வரும் அக்கம்பக்கத்தார் மூவர் பெயர், அவர்கள் போன் நம்பர், ஆட்டோக்காரர் நம்பர். நர்ஸ் முதல் முறை வீட்டுக்குப் போகும்போதே இதை நிரப்பிவிட வேண்டும்.

இந்த வேலையில் என் பெரிய கவலை ஆட்கள். ஒரு நர்ஸுக்கு மார்ஃபின் பயம் போக, புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்க, ராத்திரி கேட்கும் கேள்விக்கு ஓடி ஒளியாமல் நிற்க, வருஷக்கணக்கு ஆகும். அதற்குள் சுழற்சியில் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். எல்லா வார்டும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்ற விதியில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் டயாலிசிஸில் பயிற்சி பெற்றவரை அவ்வளவு சுலபமாக மாற்றுவதில்லை. எந்திரத்தை ஓட்டத் தெரிந்தவள் சிறப்பு நர்ஸ், வலியைப் படிக்கிற வேலையை யாரும் செய்யலாம் என்ற நினைப்பு மாற வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் புதிய பாடத்திட்டத்தில் ஆதரவு சிகிச்சை கட்டாயப் பகுதியாக வந்திருப்பது நல்ல தொடக்கம். படித்து வரும் பெண்களைத் தொகுப்பூதியத்தில் வருஷா வருஷம் காத்திருக்க வைத்தால் அவர்கள் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போய்விடுவார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு மரணத்துக்குப் பிறகு, உடலைச் சுத்தம் செய்து, குடும்பத்திடம் ஒப்படைத்து முடித்ததும், அந்த ஷிப்டில் இருந்தவர்கள் பத்து நிமிடம் டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். அழுகிறவள் அழட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மற்றவர்கள் அவள் கட்டிலையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நர்ஸ் அழக் கூடாது என்று என்னைப் பழக்கிய தலைமுறை வேறு. அந்தப் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்கு நான் கொடுக்க விரும்பவில்லை.

உகாண்டாவில் 2004 முதல், சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் வாயால் விழுங்கும் மார்ஃபினைத் தாங்களே எழுதிக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. நம்மைவிட வசதி குறைந்த நாடு. டாக்டர்கள் போதாது, நோயாளி காத்திருக்க முடியாது, ஆகவே நர்ஸின் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். நான் அவ்வளவு தூரம் உடனே கேட்கவில்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், டாக்டர் முன்கூட்டி எழுதிய வரம்புக்குள் அளவைக் கூட்டிக் குறைக்கலாம் என்று ஒரு விதி வந்தால் போதும். நெட்டுக்குப்பத்து வீட்டில் நிற்கும் நர்ஸுக்கு நாளை அதுதான் தேவைப்படும்.

எனக்குப் பின் பொறுப்பேற்ற பெண்ணிடம் ஒப்படைக்கும்போது தடித்த கோப்பு எதுவும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிடு என்றேன். திங்கள் காலை வரைக்கும் தாங்குமா, இரண்டு புது நோயாளி வந்தாலும் தாங்குமா என்று கணக்குப் போடு. குறைந்தால் இண்டென்ட்டை நீயே கையில் எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போ, ஆள் அனுப்பாதே. சனிக்கிழமை கேட்டால் கிடைக்காது. போகும்போது சாவியைப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.